கல்யாணமும் கல்லும்

1956 ஏப்ரலில் வெளிவந்த ‘மதுரை வீரன்’ படத்தின் முடிவில் எம்.ஜி.ஆருக்கு மாறுகால் மாறுகை வாங்கிவிடுகிறார்கள். பொம்மியாக வந்த பானுமதியும் வெள்ளையம்மாளாக வந்த பத்மினியும் அவரோடு மடிகிறார்கள். லேனா செட்டியார் தயாரித்து, யோகானந்த் இயக்கி, கண்ணதாசன் வசனம் எழுதிய இந்தப் படம் எம்.ஜி.ஆரின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. ஆறு ஆண்டுகள் கழித்து ‘பாசம்’ படத்திலும் அவர் செத்தார். படம் எடுபடவில்லை. வாத்தியார் சாகிற படத்தைச் சனம் பார்க்காது என்ற பேச்சு அதன்பிறகு ஒரு விதியாகவே நிலைத்துவிட்டது. நடுவில் அவருடைய பிம்பம் இறுகிவிட்டது, அதுதான் காரணம் என்று சுலபமாகக் கணக்கைத் தீர்த்துவிடலாம். ஆனால் பிம்பம் இறுகிய பிறகும் ‘மதுரை வீரன்’ மறுபடி மறுபடி திரைக்கு வந்து ஓடியதே, அது அந்தக் கணக்கில் எங்கே வரும்? விடையை நடிகரிடம் தேடுவதைவிடக் கதையிடம் தேடுவது நல்லது. மதுரையிலும் வைகையை ஒட்டிய சமவெளியிலும் கதைக்குப் பழைய முடிவுகள் இரண்டு உண்டு. ஒன்று கல்யாணம், மற்றது கல். இந்த மண்ணைப் பற்றிய வெகுசனப் படங்களை இவற்றில் எந்த முடிவை நோக்கி நடக்கின்றன என்று பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும். உலகம் முழுதும் கையாளப்படும் கதையியல் கோட்பாடுகள் முதலாவதற்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன, இரண்டாவதில் தடுமாறுகின்றன.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ருஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928இல் நூறு மாயக்கதைகளை அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார். ஆட்கள் மாறினாலும் அவர்கள் செய்யும் காரியங்கள் மாறுவதில்லை என்று கண்டார். அப்படி 31 காரியங்களை வரிசைப்படுத்தினார். அவற்றைச் செய்கிறவர்களை ஏழு வகைக்குள் அடக்கினார். வரிசையின் கடைசியில் நாயகனுக்குக் கல்யாணமும் அரியணையும் கிடைக்கும். 1958இல் வந்த ‘நாடோடி மன்ன’னை இந்தச் சட்டகத்தில் வைத்துப் பார்த்தால் ஆள்மாறாட்டம், கடத்தல், மீட்பு, சதிகாரன் வீழ்ச்சி என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்காரும். இதில் வியக்க ஒன்றும் இல்லை. பிராப் ஏட்டில் கண்டதை மதுரையில் ஒரு தொழிலாகவே நடத்திக்கொண்டிருந்தார்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். எம்.ஜி.ஆரும் பி.யு. சின்னப்பாவும் வளர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். கம்பெனிகள் தேய்ந்த பிறகும் தேயாமல் நின்றது ஸ்பெஷல் நாடகம். நடிகர்களுக்கு 1923 முதல் மதுரையில் சங்கம் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூனும் டான்ஸும் ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆளுக்கொரு திசை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடித்து, படத்தோடும் ஊர்ப்பெயரோடும் நோட்டீஸ் அடிப்பார்கள். அன்றிரவு திருவிழா மேடையில்தான் எல்லோரும் ஒன்றாகச் சந்திப்பார்கள். ஒத்திகை இல்லை, இயக்குநர் இல்லை. ஆனாலும் விடியும்வரை ‘வள்ளி திருமணம்’ பிசகில்லாமல் நடக்கும். எல்லோர் தலைக்குள்ளும் அந்த எலும்புக்கூடு இருந்தால் மட்டுமே இது சாத்தியம். வேடனாகவும் கிழவனாகவும் உருமாறி வரும் நாயகன், யானையாக வந்து உதவும் அண்ணன், கடைசியில் கல்யாணம்: பிராப் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். பாத்திரம் வேறு, ஆள் வேறு என்பது அவருக்கு ஆய்வு முடிவு. இங்கே அது அட்வான்ஸ் வாங்கும் முறை.

ஒன்றை மட்டும் பிராப்பின் பட்டியல் காட்டாது. இரவின் பெரும்பகுதி கதையை நகர்த்துவதில் செலவாவதே இல்லை. நாரதரும் வள்ளியும் மணிக்கணக்காகத் தர்க்கம் பண்ணுவார்கள். பபூன் வந்தால் கதை ஒரு மூலையில் காத்துக்கிடக்கும். அடுத்து என்ன என்ற கேள்வி யாருக்கும் இல்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். தமிழ்ப் படங்களில் நகைச்சுவை தனித் தண்டவாளத்தில் ஓடுவதையும் பாட்டு வந்ததும் கதை நின்றுவிடுவதையும் குறையாகச் சொல்லும் விமர்சகர்கள் இந்த மேடையை மறந்துவிடுகிறார்கள். ‘பவளக்கொடி’ 1934இல் மேடையிலிருந்து நேரே படமானது. மதுரை ராயல் டாக்கீஸ் 1937இல் எடுத்த ‘சிந்தாமணி’யின் லாபத்தில் அதே பெயரில் ஊருக்குள் ஒரு தியேட்டரே எழும்பியது. மேடைக்கும் திரைக்கும் நடுவே இருந்த சுவர் அவ்வளவு மெல்லியது.

இனி கல். ஆண்டிபட்டி வட்டத்தில் வைகையை ஒட்டிய புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவை கி.மு. காலத்தவை என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஒரு கல்லில் உள்ளது ஒரே ஒரு செய்தி: கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கான கல் இது. இன்னார், இன்ன ஊர், இன்ன பூசல். ஒரு கதைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது, ஆனால் சாவிலிருந்து தொடங்குகிறது. பிறப்பும் வளர்ப்பும் காதலும் பின்னால் வந்து சேரலாம், சேராமலும் போகலாம். தொல்காப்பியம் கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவது வரை ஆறு துறைகளை வகுக்கிறது. இதுவும் பிராப் செய்தது போன்ற காரிய வரிசைதான். ஆனால் நாயகன் செத்த பிறகு தொடங்கும் வரிசை. சிலப்பதிகாரம் இதை ஒரு காவியமாக விரித்தது. மதுரைக் காண்டத்தில் கோவலன் கொலையுண்டு ஊர் எரிகிறது. கதை அங்கே முடியவில்லை, இமயத்திலிருந்து கல் கொண்டுவர ஒரு வஞ்சிக் காண்டம் தேவைப்பட்டது.

மதுரை வீரன் கதையும் இந்த வழியில் வந்ததே. அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன், பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனவன், கள்ளரை அடக்க மதுரைக்கு வந்தவன், வெள்ளையம்மாளால் அரசனின் தண்டனைக்கு ஆளானவன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுர வாசலில் அவனுக்குச் சன்னதி இருக்கிறது. கேட்கிறவர்கள் சன்னதியைப் பார்த்துவிட்டுக் கதைக்கு வருகிறார்கள். குமரி மாவட்ட வில்லுப்பாட்டை ஆராய்ந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் எழுதிய நூலும் இதற்குத் துணை நிற்கிறது. வன்சாவுக் கதைகளில் நிகழ்த்துதலின் உச்சம் சாவு நேரத்தில்தான். அப்போதுதான் சாமி வந்து இறங்கும் என்கிறார் அவர். அப்படியானால் சாவு இந்தக் கதைகளின் முடிவு அல்ல, மூலம். 1956இல் எம்.ஜி.ஆரின் சாவை அரங்கம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அங்கே இறந்தது எம்.ஜி.ஆர். அல்ல, ஏற்கெனவே கோயில் கொண்டுவிட்ட வீரன். ‘பாசம்’ நாயகனுக்கு முன்கூட்டியே நாட்டிய கல் எதுவும் இல்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த மதுரைப் படங்களில் இந்த இரண்டாம் வழி திரும்பி வந்தது. ‘சுப்ரமணியபுரம்’ (2008) சிறையிலிருந்து வெளியே வருபவனைக் கத்தியால் குத்துவதில் தொடங்கி 1980க்குப் போகிறது. ருஷ்ய உருவவாதிகள் நிகழ்ச்சிகளின் கால ஒழுங்கையும் அவற்றைச் சொல்லும் ஒழுங்கையும் பிரித்தார்களே, அந்தப் பிரிவினை இங்கே பயன்படும். பின்னோக்கிச் சொல்வதை வெறும் உத்தி என்று எண்ணினால் தவறிவிடுவோம். பாதி சிரிப்பும் பாதி காதலுமாக நகரும் காட்சிகள்மேல் அந்த முதல் குத்தின் நிழல் விழுந்துகொண்டே இருக்கிறது. நாம் கல்லைப் பார்த்துவிட்டுக் கதை கேட்கிறோம். ‘பருத்திவீரன்’ (2007) கரகமும் திருவிழாவுமாக மேடை மரபில் தொடங்கி, வேறு மரபில் போய் முடிகிறது. அதன் கடைசி இருபது நிமிடம் கதைக்குப் பொருந்தவில்லை என்றவர்கள் கல்யாண முடிவை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள். அந்தக் காட்சியின் கொடூரம் தேவைக்கு மேல் போயிற்று என்பது வேறு விஷயம். அதில் எனக்கும் உடன்பாடுதான்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கார்த்திகேயன் தாமோதரனும் ஹியூகோ கோரிஞ்சும் 2017இல் எழுதிய கட்டுரையில் இவற்றை ‘மதுரை ஃபார்முலா’ படங்கள் என்று அழைத்து, ஆதிக்கச் சாதிப் பெருமிதத்தை இவை எப்படி வளர்க்கின்றன என்று காட்டினார்கள். அரிவாளும் மீசையுமாகத் திரையில் வரும் மதுரை சென்னையில் செய்த சரக்கு, அதற்குச் சங்ககாலத் தாத்தா தேடுவது அந்தப் பெருமிதத்துக்கே தீனி போடுவதாகும் என்று இதை நீட்டிச் சொல்லலாம். இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வடிவம் பழையது என்று சொல்வது உள்ளடக்கத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது ஆகாது. வடிவத்தோடு நின்றுவிடவும் கூடாது; பிராப் உள்ளடக்கத்தை உதறிவிட்டார் என்று 1960இல் மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் குறைப்பட்டது அதைத்தான். கல் யாருக்கு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவாகிறது. வாய்மொழிக் கதையில் அது அரச தண்டனைக்குப் பலியான, தாழ்த்தப்பட்டவர் வீட்டில் வளர்ந்தவனுக்கு. பிந்திய பல படங்களில் அரிவாள் வைத்திருப்பவனுக்கே கல்லும் கிடைத்துவிட்டது. பழைய வடிவம் தெரிந்தால்தான் இந்த இடமாற்றம் கண்ணில் படும்.

சோக முடிவு மதுரைக்கு மட்டும் உரியதா என்றும் கேட்கலாம். இல்லை. பாலா, அமீர், சசிகுமார் மூவரையும் மதுரை மும்மூர்த்திகள் என்று சொல்லி 2012இல் ‘கேங்ஸ் ஆஃப் வாசேபூர்’ படத்தில் நன்றி தெரிவித்த அனுராக் காஷ்யப், பீகார்–ஜார்க்கண்ட் பக்கத்துக் கதையைத்தான் எடுத்தார். கொலை எங்கும் கதையாகும். இங்கே தனித்தன்மை கொலையில் இல்லை, அதற்குப் பின்னால் வரவேண்டியதில் இருக்கிறது. புதிய படங்கள் மதுரைக் காண்டத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. ‘விருமாண்டி’ (2004) அந்தக் காண்டத்து வழக்கைப் போலவே, ஒரே நடப்பைப் பற்றிக் கொத்தாளத் தேவரின் சொல்லையும் விருமாண்டியின் சொல்லையும் அடுத்தடுத்து வைத்தது. அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ போல உண்மை யாரிடம் என்று திகைக்கவிடாமல், இரண்டாம் சாட்சியை நம்பச் சொல்லி வழக்குமன்றம் ஏறியது. கண்ணகி சிலம்பை உடைத்ததும் இப்படி ஒரு இரண்டாம் சாட்சியம்தான்.

இந்த இரண்டு வழிகளுக்கும் அடங்காத ஒரு படம் உண்டு. பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004). மதுரை மெக்கானிக் முருகனுக்கும் அவன் காதலிக்கும் சென்னையில் கல்யாணம் நடக்கிறது. திரும்பி வந்ததும் தாலி பறிபோகிறது. அவள் வீட்டார் அவனைக் கொல்லவில்லை, அடித்துப் போடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து, இன்னொருவருக்கு மனைவியாகிக் கையில் குழந்தையோடு போகிறவள், சாலைச் சந்திப்பில் சித்தம் கலைந்து திரியும் அவனைப் பார்க்கிறாள். கல்யாணம் நிலைக்கவில்லை, சாவு வரவில்லை, ஆகவே கல்லும் இல்லை. அவளுடைய கணவன்தான் அவனைக் கைபிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறான். பிராப்பின் ஏழு வகை ஆட்களில் அந்தக் கணவன் யார் என்று தேடினால் இடம் கிடைக்காது; கதைப்பாடல்களிலும் அப்படி ஒருவன் இல்லை.