கோதாவில் ஒரு நிமிஷம்

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ராஜகிரியின் உச்சியைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அடிவாரத்தில் கல்யாண மகால், களஞ்சியம் இவற்றின் வரிசையில் நிற்கும் உடற்பயிற்சிக் கூடத்தை நின்று பார்ப்பவர்கள் குறைவு. சென்ற தை மாதம் என் தங்கையின் பெண்ணை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். வெயிலுக்கு அஞ்சி அதன் நிழலில் ஒதுங்கினோம்.

"இங்கே என்ன மாமா பண்ணினாங்க?"

"தேகப் பயிற்சிதான். சிலம்பம், குஸ்தி எல்லாம் பழகியிருப்பார்கள்."

"பொம்பளைங்களும் குஸ்தி போட்டாங்களா?"

பதினோரு வயதுப் பெண்ணின் கேள்வி. நான் விழித்தேன். இந்தக் கோட்டையில் அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்த பெண் கதை தேசிங்கு ராஜனின் மனைவி கதை ஒன்றுதான். 1714-ல் கணவன் போரில் மாண்டதும் உடன்கட்டை ஏறியவள் அவள். அவள் நினைவாகவே ராணிப்பேட்டை எழுந்தது என்பார்கள். கணவனோடு செத்த பெண்ணின் பெயரால் ஓர் ஊர் இருக்கிறது. தன் தோள் வலியால் வாழ நினைத்த பெண்ணுக்கு என்ன இருக்கிறது? அப்படி நினைத்தபோது எனக்கு ஹமீதா பானுவின் ஞாபகம் வந்தது.

உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூரில் பிறந்து, அலிகரில் சலாம் பயில்வானிடம் குஸ்தி கற்றவள் ஹமீதா. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். எடை 108 கிலோ. நாள் ஒன்றுக்கு ஐந்தரை லிட்டருக்கும் மேல் பால், ஒரு முழுக் கோழி, ஏறக்குறைய ஒரு கிலோ ஆட்டுக்கறி, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பாதாம் பருப்பு என்று அவளுடைய சாப்பாட்டுக் கணக்கைப் பத்திரிகைகள் வாயூற எழுதின. 1954-ல் அவள் ஒரு சவால் விட்டாள்: "என்னைக் குஸ்தியில் ஜெயிப்பவனை நான் கல்யாணம் செய்துகொள்கிறேன்!" பட்டியாலாவிலிருந்து ஒருவன் வந்தான், தோற்றான். கல்கத்தாவிலிருந்து ஒருவன் வந்தான், அவனும் தோற்றான். மே மாதம் பரோடாவில் பாபா பயில்வானை 1 நிமிஷம் 34 விநாடியில் மண்ணைக் கவ்வ வைத்தாள். மாப்பிள்ளை மட்டும் கிடைக்கவில்லை!

அதே ஆண்டு பம்பாயில் வேரா சிஸ்டிலின் என்ற ரஷ்யப் பெண்ணோடு மோதினாள். ரஷ்யாவின் 'பெண் கரடி' என்று விளம்பரம் செய்யப்பட்டவள் அவள். ஒரு நிமிஷத்துக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. ஹமீதாவுக்கு ஐரோப்பாவுக்கே போய்க் குஸ்தி போட ஆசை பிறந்தது.

ஆனால் உள்ளூரில் நடந்தது என்ன? கோலாப்பூரில் ஓர் ஆண் பயில்வானை அவள் தோற்கடித்தபோது கூட்டம் கல்லெறிந்தது. போலீஸார் வந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று. புனாவில் மல்யுத்த சங்கத்தார் ஆட்சேபித்ததால் ஒரு பந்தயம் ரத்தாயிற்று. அவள் மொரார்ஜி தேசாயிடம் முறையிட்டாள். பெண் என்பதற்காகத் தடை இல்லை, பந்தயம் நடத்துகிறவர்கள் போலி ஆட்களை நிறுத்துவதாகப் புகார் வந்திருக்கிறது என்று பதில் கிடைத்தது.

புகாரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. வசூலுக்காக நடக்கும் குஸ்தியில் எது நிஜம், எது வேஷம் என்று யார் கண்டது? ஆனால் அவள் கதி என்ன என்று பாருங்கள். ஜெயித்தால் பொய் என்றார்கள். தோற்றிருந்தால் மட்டும் அதை ஒருவரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஐரோப்பா கனவாகவே போயிற்று. அவளைப் போகவிடாமல் தடுக்க சலாம் பயில்வானே அவள் கைகளை முறித்துவிட்டார் என்று குடும்பத்தார் பின்னாளில் சொன்னார்கள். பம்பாயை அடுத்த கல்யாணில் பால் விற்றும், தெருவோரத்தில் பலகாரம் விற்றும் காலம் தள்ளி, 1986-ல் கண்ணை மூடினாள்.

மறு ஆண்டே, 1987-ல், பெண்களுக்கான முதல் உலக மல்யுத்தப் போட்டி நார்வேயில் நடந்தது. 2004-ல் ஒலிம்பிக்கிலும் இடம் கிடைத்தது. 2016 ஆகஸ்டில் ரியோவில், 58 கிலோ பிரிவில், ஹரியானாவின் சாக்ஷி மாலிக் காலிறுதியில் ஒரு ரஷ்யப் பெண்ணை எதிர்த்தாள். வலேரியா கோப்லோவா என்ற அந்த ரஷ்யப் பெண் 9-2 என்று சாக்ஷியை வீழ்த்தினாள். ஆனால் அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. நம்மைத் தோற்கடித்தவர் இறுதிப் போட்டிவரை போனால், நமக்கு வெண்கலத்துக்காக இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும். கோப்லோவா இறுதிக்குப் போனாள். அந்த வழியாகவே சாக்ஷி மீண்டும் களத்துக்கு வந்தாள். கிர்கிஸ்தான் பெண்ணிடம் 0-5 என்று பின்தங்கியும், 8-5 என்று வென்றாள். மல்யுத்தத்தில் ஓர் இந்தியப் பெண் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. கோப்லோவாவோ கடைசி விநாடிகள்வரை முன்னணியில் இருந்து, ஜப்பானின் கவோரி இச்சோவிடம் 3-2 என்று தங்கத்தைப் பறிகொடுத்தாள். இச்சோவுக்கு அது நான்காவது ஒலிம்பிக் தங்கம்.

அறுபத்திரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு ரஷ்யப் பெண்கள். முதலாமவளைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் ஒரு பட்டப்பெயரும் ஒரு நிமிஷமுந்தான். இரண்டாமவளின் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கு இருக்கிறது. உடல் வலிமை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நடுவில் வந்து சேர்ந்தவை எடை பார்க்கும் ஒரு தராசு, ஒரு விதி, ஒரு நடுவர். தோற்றவளும் மானத்தோடு மறுபடி எழுந்து வரக்கூடிய கோதாவைத்தான் ஹமீதாவுக்கு நாம் தரவில்லை.

சாக்ஷிக்காவது முழுக்கத் தந்துவிட்டோமா? 2023-ல் மல்யுத்தச் சம்மேளனத் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் சொல்லி, வீராங்கனைகள் டில்லித் தெருவில் உட்கார்ந்தார்கள். அவர் புகாரை மறுத்தார். டிசம்பர் 21-ம் தேதி, அவருக்கு நெருக்கமானவரே சம்மேளனத் தேர்தலில் வென்றதும், சாக்ஷி பத்திரிகையாளர்கள் முன்னால் தன் காலணிகளை மேஜைமேல் வைத்துவிட்டு, இனி மல்யுத்தம் இல்லை என்று அழுதுகொண்டே எழுந்து போனாள்.

திண்டிவனம் பஸ்ஸில் இந்தக் கதை முழுவதையும் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். ராஜகிரி பின்னால் மறைகிறவரை பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அந்த ஷூவை மறுபடி எடுத்துப் போட்டுக்கிட்டாங்களா மாமா?"

"இல்லையம்மா" என்றேன்.

அவள் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.