பாட்டு ரெண்டு பேருடையது... கணக்கு யார்கிட்ட இருக்கு?

ஃப்ரெண்டோட சேர்ந்து பாட்டு எழுதுறீங்களா? மெட்டு அவருடையது, வரிகள் உங்களுடையது. ஆனா, விவரமெல்லாம் ஒருத்தர் போன்ல மட்டும் இருந்தா, ராயல்டி வரும்போது சிக்கல்தான். 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், பாடலாசிரியர், இசையமைப்பாளரின் ராயல்டி உரிமையைப் பாதுகாக்கிறது. ஆனாலும், பெயர் சரியாகப் பதிவாகியிருந்தால்தானே பணம் வரும்!

* கூகுள் ஷீட்டில் ஒரு பாட்டுக்கு ஒரு வரிசை. எழுதியவர்கள் பெயர், பங்கு சதவிகிதம் போடுங்க. கூட்டினா 100 வரணும்.

* ஐ.எஸ்.ஆர்.சி என்பது ஒலிப்பதிவுக்கான 12 எழுத்துக் குறியீடு. ஐ.எஸ்.டபிள்யூ.சி, பாட்டுக்கானது. அதே பாட்டை வேறொருவர் பாடிப் பதிவுசெய்தால் முதலாவது மாறும், இரண்டாவது மாறாது. ரெண்டுக்கும் தனித்தனி காலம் வைங்க.

* சி.எஸ்.வி ஃபைலாக டவுன்லோடு செய்து அனுப்பலாம். ஆனா, அதை எக்ஸெல்லில் நேரடியாகத் திறந்தா, எண்ணுக்கு முன்னால இருக்கும் பூஜ்ஜியங்கள் காணாமப்போகும். படைப்பாளிகளுக்கான ஐ.பி.ஐ எண் இப்படித்தான் தப்பாகும். இம்போர்ட் செய்யும்போதே அந்தக் காலத்தை ‘டெக்ஸ்ட்’னு தேர்வு பண்ணுங்க.

* எடிட் அனுமதி, கூட எழுதியவர்களுக்கு மட்டும். மத்தவங்க பார்த்தா போதும்.

ரிலீஸுக்கு முன்னாடியே பங்கைப் பேசி, கையெழுத்து போட்டு வெச்சுக்கோங்க. பாட்டும் பிழைக்கும், நட்பும் பிழைக்கும்!