‘மை கேர்ள்’ இல்லாத ஆல்பம்

இரட்டைக் குரல் – 17

போன வாரம் உங்களை 2004 அக்டோபரில் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். நம் இசை ஜோடியில் டேரில் ஹாலுக்கு வயது 58, ஜான் ஓட்ஸுக்கு 56. ‘அவர் கைண்ட் ஆஃப் சோல்’ ஆல்பம் கடைக்கு வருகிறது. ஆறு நம்பர் ஒன் பாட்டுகள், பெரிய கம்பெனிகளோடு உறவு முறிந்தது, ‘யூ-வாட்ச்’ என்று சொந்த லேபிளுக்கு வந்தது எல்லாம் முந்தைய வாரங்களில் பார்த்தாயிற்று. நேராக ஆல்பத்துக்குள் போவோம்.

மொத்தம் 17 பாட்டு. மூன்று புதியவை, மீதி 14 மற்றவர்கள் பாடிப் புகழ்பெற்ற சோல் பாட்டுகள். ஸ்பின்னர்ஸின் ‘ஐ’ல் பி அரவுண்ட்’ இருக்கிறது. மார்வின் கே, அல் கிரீன், அரீதா ஃபிராங்க்ளின், பாரி வைட் என்று பெரிய தலைகள் வரிசையாக வருகின்றன. பட்டியலைக் கடைசிவரை படித்துப் பார்த்தால் ஒன்று உறுத்தும். இந்த இருவரும் மேடையில் பாடி ஊரையே எழுப்பிய ‘மை கேர்ள்’ இல்லை. ‘யூஸ்ட் டு பி மை கேர்ள்’ என்று ஒன்று கண்ணில் படும். ஏமாறாதீர்கள், அது ஓஜேஸ் குழுவின் பாட்டு.

ஏன் விட்டார்கள்? இதற்குப் பதில் சொல்ல, ‘மை கேர்ள்’ பாடிய டேவிட் ரஃபினைக் கூப்பிட வேண்டும். அவர் வந்தால் லேசில் போகிற ஆளில்லை.

1941-ல் மிசிசிப்பி மாநிலத்தில் ‘வைநாட்’ என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். அப்பா பாதிரியார். நடை பழகிய கையோடு குடும்பத்தோடு சேர்ந்து தேவாலயங்களில் பாடிய பையன். 1964 தொடக்கத்தில் டெம்ப்டேஷன்ஸ் என்ற பாட்டுக் குழுவில் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே இரண்டு நல்ல முன்னணிக் குரல்கள் இருந்தன. எடி கெண்ட்ரிக்ஸ் மேல்ஸ்தாயியில் பட்டு இழைப்பவர். பால் வில்லியம்ஸ் அடிவயிற்றிலிருந்து எடுப்பவர். ரஃபின் பின்வரிசையில் நின்று ‘ஊ’ போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தொண்டைக்குள் தூங்குவது என்ன என்பதைக் கண்டுகொண்டவர் ஸ்மோக்கி ராபின்சன். அதற்கென்றே ரொனால்ட் வைட்டோடு சேர்ந்து ‘மை கேர்ள்’ எழுதினார். 1965 மார்ச்சில் நம்பர் ஒன். அதற்குப் பிறகு பின்வரிசை ஏது?

நெட்டை, ஒல்லி, தடித்த கறுப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடி. மைக்கை ஆகாயத்துக்கு எறிவார், ஒரு சுற்று சுற்றி முழங்காலில் விழுந்து பிடிப்பார். குரலில் மணல் கலந்த கரகரப்பு. ‘எய்ன்ட் டூ ப்ரௌட் டு பெக்’ பதிவில் தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட் வேண்டுமென்றே சுருதியை அவர் எட்டுகிற உயரத்துக்கு மேலே வைத்தார். திணறட்டும், அப்போதுதான் கெஞ்சல் கெஞ்சலாக இருக்கும் என்பது கணக்கு. திணறினார், அதுதான் இன்றும் நம்மை உலுக்குகிறது.

பேர் வந்தது, கூடவே கோளாறும் வந்தது. தரையில் மிங்க் ரோமம் விரித்த லிமோசினில் தனியாக வருவார், மற்ற நால்வரும் வேறு வண்டியில். சுப்ரீம்ஸ் குழுவில் டயானா ராஸின் பெயர் முன்னால் ஏறியதும், தன் பெயரும் ஏற வேண்டும் என்றார். குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்ட மோட்டவுன் கம்பெனியிடம் கணக்குக் கேட்டார். 1968 ஜூனில் கச்சேரியை விட்டுவிட்டுக் காதலியின் நிகழ்ச்சிக்குப் போனார். மற்றவர்கள் ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். அவர் விடுவாரா? தன் இடத்துக்கு வந்த டென்னிஸ் எட்வர்ட்ஸ் பாடிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்திலிருந்து மேடைக்குத் தாவி மைக்கைப் பிடுங்கிப் பாடினார். ஒரு தடவை அல்ல, பல தடவை. ஜனங்கள் கைதட்டி ரசித்தார்கள்.

டெம்ப்டேஷன்ஸ் கதையை எழுதுகிறவர்கள் குழுவின் இன்னொரு உறுப்பினரான ஓடிஸ் வில்லியம்ஸைப் பொறுப்பான அண்ணனாகவும் ரஃபினை ஊதாரித் தம்பியாகவும் காட்டுவது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. லிமோசின் திமிர்தான், ஆனால் கணக்குக் கேட்டது திமிர் இல்லை. அதைக் கேட்கிற தைரியம் அன்றைய மோட்டவுனில் எத்தனை பேருக்கு இருந்தது?

தனியாகப் பாடி 1975-ல் ‘வாக் அவே ஃப்ரம் லவ்’ மூலம் ஒரு முறை எழுந்தார். பிறகு கொக்கெய்ன். 1982-ல் வருமான வரிக் கணக்கு காட்டாததற்காகச் சிறை. அந்த நிலையில்தான் நம் ஆட்கள் ஹாலும் ஓட்ஸும் அவரைத் தேடிப் போகிறார்கள்.

ஹாலுக்கு இது சாதாரண ரசிக விவகாரம் அல்ல. ஃபிலடெல்ஃபியாவில் கல்லூரி மாணவனாக அவர் நடத்திய குழுவின் பெயரே ‘டெம்ப்டோன்ஸ்’. யாரைப் பார்த்து வைத்த பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. 1985 மே மாதம், நியூயார்க் ஹார்லெமில் அப்போலோ (ஆஸ்பத்திரி இல்லை, தியேட்டர்) புதுப்பிக்கப்பட்டுத் திறந்த சமயம். கறுப்பின மாணவர்களின் படிப்புக்காக ஒரு நிதிக் கச்சேரி. பிடிக்காத பாடகரைக் கூச்சல் போட்டே இறக்கிவிடும் மேடை அது. அங்கே இரண்டு வெள்ளைக்காரர்கள், அப்போதைய அமெரிக்காவின் முதல் வரிசை நட்சத்திரங்கள், ஒதுங்கி நின்று ரஃபினையும் பழைய கூட்டாளி கெண்ட்ரிக்ஸையும் முன்னால் விடுகிறார்கள். ‘கெட் ரெடி’யில் தொடங்கி ‘மை கேர்ள்’ வரை நான்கு பாட்டுகள், மூச்சு விடாமல். கெண்ட்ரிக்ஸின் குரல் சிகரெட்டில் கரைந்திருந்தது. ரஃபினின் குரலில் விரிசல் இருந்தது. அந்த விரிசலோடேதான் ஏறினார். பதிவைக் கேளுங்கள், ஹால் அவரோடு போட்டி போடப் பார்த்து ஓரிடத்தில் பேசாமல் ரசிகனாகிவிடுகிறார்.

அதே ஆண்டு ஜூலை 13, லைவ் எய்ட் நிதிக் கச்சேரி. ஃபிலடெல்ஃபியா ஜே.எஃப்.கே. ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 90,000 பேர் முன்னால் அதே நால்வர். 1989-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் டெம்ப்டேஷன்ஸை வரவேற்றுப் பேசியவர்களும் இந்த இருவர்தான். 1991 ஜூன் 1-ஆம் தேதி, இங்கிலாந்துப் பயணம் முடிந்து திரும்பிய ரஃபின், அதே ஃபிலடெல்ஃபியாவில் அளவு மீறிய கொக்கெய்னால் இறந்தார். வயது 50. மறு ஆண்டு நுரையீரல் புற்றுநோயில் கெண்ட்ரிக்ஸ்.

ஆக, 2004-ல் ‘மை கேர்ள்’ பாட வேண்டுமென்றால் ரஃபின் நின்ற இடத்தில் ஹால் நிற்க வேண்டும். அவர் நிற்கவில்லை. இதற்கு அவர்கள் தந்த வாக்குமூலம் எதுவும் என் கையில் இல்லை, இது என் கணிப்பு. ஆனால் டெம்ப்டேஷன்ஸுக்கென்று அவர்கள் எடுத்த ஒரே பாட்டைப் பாருங்கள்: ‘ஃபேடிங் அவே’. 1966-ல் வந்த ‘கெட் ரெடி’ இசைத்தட்டின் மறுபக்கம் அது. அப்போலோவில் முன்பக்கத்தை அதன் சொந்தக்காரர்களோடு பாடியவர்கள், தனியானபோது தட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

ஆல்பத்தின் மற்ற 16 பாட்டுகளும், தயாரிப்பில் பங்கெடுத்த பாஸ் கிதார்க்காரர் டி-போன் வோக்கும் வரிசையில் நிற்கிறார்கள். ஆசிரியர் கொடுத்த பக்கம் தீர்ந்துவிட்டது.

(தொடரும்)