விருப்பப் பெயர்வு என்னும் கற்பிதம்: செரோக்கியரும் கும்மிடிப்பூண்டி முகாமும்

செரோக்கிய மக்கள் 1838–39இல் அமெரிக்கப் படையினரால் மேற்கே துரத்தப்படாமல், தாமே மனமுவந்து அத்திசையிற் குடிபெயர்ந்திருந்தால் அவர்தம் சரித்திரம் எவ்வாறு அமைந்திருக்கும் என்ற வினா சுவையானதுதான். எனினும், துரத்தியவரின் பழியைச் சற்றே இலேசாக்கும் தந்திரமும் அதனுள் ஒளிந்திருக்கிறது. உண்மையில் இதற்குக் கற்பனையே வேண்டியதில்லை. அம்மக்களில் ஒரு பகுதியினர் முன்னரே ஆர்க்கன்சா பிரதேசத்துக்குப் பெயர்ந்திருந்தனர். 1817ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்க்கு அங்கே நிலம் வழங்கிற்று. 1828ஆம் ஆண்டு உடன்படிக்கை அந்நிலத்தையும் பெற்றுக்கொண்டு அவர்களை இன்னும் மேற்கே நகர்த்திற்று. விரும்பிப் போனவர்க்கு வாய்த்த நிம்மதி பதினோராண்டே.

பெயர்வு விருப்பத்தால் நிகழ்ந்ததா என்பதைப் போனவரின் வாய்மொழியைக் கொண்டன்று, இருந்துவிடுவதற்கும் அவர்க்கு வழி திறந்திருந்ததா என்பதைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும் என்பது என் துணிபு. இதைப் பரீட்சிக்க, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வழியினரான மலையகத் தமிழரின் வரலாறு போதும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த இவர்களைப் பற்றி, இவர்களைக் கேளாமலே, 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எந்த நாடு வேண்டும் என்று விண்ணப்பிக்கும் உரிமை மட்டும் தொழிலாளிக்கு இருந்தது. இலங்கையிலேயே இருக்க விழைந்தோர் தொகையோ ஒதுக்கிய எண்ணிக்கையை விஞ்சிற்று! தேயிலைக்கொழுந்து கிள்ளியவளின் விருப்பம் எதுவென்பதற்கு இதனினும் தெளிவான சாட்சியம் வேண்டுமோ?

ஒரே தோட்ட லயத்திற் பிறந்த சகோதரர் இருவரை எண்ணிப் பார்ப்போம். மூத்தவர் எழுபதுகளில் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பெற்று, தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் குடிமகனுமானார். இளையவர் 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு அஞ்சி வவுனியாப் பக்கம் இறங்கி, அங்கும் போர் துரத்த, 1990இல் படகேறினார், அவர் அகதி. தமிழ்நாட்டு முகாம்களில் இவ்விளையவரைப் போன்ற மலையக வழியினர் கணிசமாக உளர்.

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி அகதி முகாம், மாநிலத்தின் பெரிய முகாம்களுள் ஒன்று. சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளுக்கு அணித்தாக, நெருக்கமான வீட்டு வரிசைகள், காலையில் தூரிகையும் வாளியுமாகப் பெயிண்டிங் வேலைக்குப் புறப்படும் ஆண்கள், மாதந்தோறும் பணக்கொடை, ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் செக்கிங். இதே தொழிற்பேட்டைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் தொழிலாளியை வறுமையும் தள்ளியிருக்கலாம். ஆயினும், ஊர் திரும்ப அவன் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டுவதில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு அகதி முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. நல்ல மரியாதைதான், ஆனால் அதனால் சட்டநிலை மாறவில்லை.

இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்குப் பின் பிறந்த குழந்தை குடியுரிமை பெறப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாயிருத்தல் வேண்டும் என்கிறது நம் குடியுரிமைச் சட்டம்; அதன் 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்றோடு நின்றுவிட்டது. ஆகவே மூத்தவரின் பேரன் வாக்களிக்கிறான். கும்மிடிப்பூண்டியிலேயே பிறந்த இளையவரின் பேரனுக்கு அவ்வுரிமை இல்லை. இவ்விருவரையும் பிரித்தது 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் எழுதப்பட்ட ஒரு விண்ணப்பமேயன்றி, விருப்பத்தின் வேறுபாடன்று.