அரசியாரின் ஓய்வும் குடிகளின் அபிப்பிராயமும்

முதுமை என்பது குடிசைக்கும் கோட்டைக்கும் பேதம் பாராமல் வருவது. உழவன் முதுமையில் மேழியை மகன் கையிற் கொடுத்துவிட்டுத் திண்ணையில் அமர்கிறான். வியாபாரி கடைச் சாவியை மகனிடம் ஒப்புவித்துவிட்டுக் கோயில் குளம் என்று புறப்படுகிறான். முடியரசர்க்கு மாத்திரம் இவ்வசதி எளிதில் வாய்ப்பதில்லை. முடி தலைமீதிருக்குமளவும் வேலையும் உடனிருக்கும். அவர் எவ்வளவு காலம் உழைக்கிறார், எவ்வளவு காலம் இளைப்பாறுகிறார் என்று குடிகள் எண்ணிக் கொண்டேயிருப்பர். அவ்வெண்ணம் சில சமயம் நியாயமாயிருக்கும். சில சமயம் பெரும் அநியாயமாயும் முடியும். இவ்விரண்டும் கலந்து நடந்த சரித்திரமொன்றை, நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தினரும் சிந்திக்கும் பொருட்டு ஈண்டு எழுதப் புகுந்தோம். அது விக்டோரியா மகாராணியாரைப் பற்றியது. அவருடைய பேரனுக்குப் பேத்தியான இரண்டாம் எலிசபெத் அரசியாரிடத்தில் அது நிறைவு பெறுகிறது. இருவர் சரித்திரத்தையும் இணைப்பது ஸ்காட்லாந்து மலைநாட்டிலுள்ள பால்மோரல் என்னும் மாளிகை.

விக்டோரியா அம்மையார் 1819-ம் வருஷத்திற் பிறந்து, 1837-ம் வருஷம் ஜூன் மாதம் 20-ந் தேதி, பதினெட்டு வயதில், இங்கிலாந்தின் அரசியானார். 1840-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து இளவரசரான ஆல்பர்ட்டை மணந்தார். கணவரோ அரசியாருக்குத் துணைவராக மட்டுமின்றி அந்தரங்கக் காரியதரிசியாகவும் ஆலோசகராகவும் இருந்து ராஜாங்க காரியங்களிற் பங்கு கொண்டார். 1852-ம் வருஷத்தில் பால்மோரல் பண்ணையை விலைக்கு வாங்கியவரும் அவரே. பழைய வீட்டுக்கருகில் எழுப்பிய புதிய மாளிகை 1856-ல் முடிவுற்றது. மலை, காடு, ஆறு, மட்டக்குதிரைச் சவாரி, எளிய குடியானவரோடு சல்லாபம் என்று அங்கே அத்தம்பதிகள் கழித்த நாட்கள் அரசியார் வாழ்நாளில் மிக இனியவை.

1861-ம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி ஆல்பர்ட் காலமானார். அப்போது அரசியாருக்கு வயது நாற்பத்திரண்டே. அன்று தரித்த கறுப்பு உடையை அவர் தம் அந்தியகாலம் வரையில் நீக்கவில்லை. லண்டன் நகரத்து பக்கிங்காம் அரண்மனை பெரும்பாலும் பூட்டிக் கிடந்தது. அரசியார் வைட் தீவிலுள்ள ஆஸ்பர்ன் மாளிகையிலும், வசந்தத்திற் சில வாரங்களும் இலையுதிர் காலத்திற் சில மாதங்களும் பால்மோரலிலுமாகக் காலங் கழித்தார். பார்லிமெண்டை ஆண்டுதோறும் நேரில் வந்து திறந்து வைப்பது அரசர் கடமைகளுள் ஒன்று. கணவர் மறைந்தபின் உயிர் வாழ்ந்த முப்பத்தொன்பது ஆண்டுகளில் அவர் அங்ஙனம் வந்தது ஏழு முறையே.

கணவனை இழந்த பெண்ணின் துயரத்தைக் குடிகள் தொடக்கத்தில் மதித்தனர். இரண்டு ஆண்டுகள் சென்றும் நிலைமை மாறாதபோது முணுமுணுப்பு எழுந்தது. 1864-ம் வருஷத்தில் பக்கிங்காம் அரண்மனை வேலியில் யாரோ ஒருவர் ஒரு விளம்பரம் ஒட்டிப்போனார் என்பர். முன்பு குடியிருந்தவரின் வியாபாரம் குன்றிப்போனமையால் இக்கட்டடம் வாடகைக்கோ விலைக்கோ விடப்படும் என்பது அதன் கருத்து. அதே வருஷத்தில், அரசியார் துக்கம் நீங்கி வெளிவரப் போகிறார் என்று 'டைம்ஸ்' பத்திரிகை எழுதிற்று. அரசியார் தாமே ஒரு மறுப்பு எழுதி அப்பத்திரிகைக்கு அனுப்பினார். ஏப்ரல் 6-ந் தேதி, கையெழுத்தில்லாமல் அது பிரசுரமாயிற்று. வெறுங் காட்சிக்குரிய கடமைகளினும் மேலான கடமைகள் தமக்கு உண்டென்றும், அவற்றைத் தாம் வழுவாது செய்து வருவதாகவும் அதிற் கண்டிருந்தது.

அம்மறுமொழி பொய்யன்று. மந்திரிகள் அனுப்பும் காகிதப் பெட்டிகள் புகைவண்டி மூலம் பால்மோரலுக்கும் ஆஸ்பர்னுக்கும் நாள்தோறும் சென்றன. அரசியார் அவற்றைப் படித்தார், கையொப்பமிட்டார், வெளிநாட்டு விவகாரங்களிலும் உத்தியோக நியமனங்களிலும் மந்திரிகளோடு வாதாடி நீண்ட கடிதங்கள் எழுதினார். முடியரசர்க்கு மூன்று உரிமைகள் உண்டென்று வால்டர் பேஜட் என்னும் அறிஞர் 1867-ல் வெளியிட்ட நூலில் வகுத்தார். ஆலோசனை கேட்கப்படுவது ஒன்று, ஊக்குவது ஒன்று, எச்சரிப்பது ஒன்று. இம்மூன்றையும் அரசியார் தம் எழுதுமேசையிலிருந்தபடியே செலுத்தி வந்தார். ஆயினும் எழுதுமேசையைக் குடிகள் காண்பதில்லை. அவர்கள் கண்டது மூடிய சாளரங்களையும், ஆண்டொன்றுக்கு 385,000 பவுன் என்று பார்லிமெண்டு வகுத்துக் கொடுத்த மானியத்தையுமே. உழைப்பு மறைவில் நடந்தது. ஊதியமோ வெளிச்சத்திற் கிடந்தது. மனத்தாங்கலின் வேர் இதுவே என்பது நம் கருத்து.

மக்கள் அரசியாரின் ஓய்வை வெறுத்தனர் என்று கொள்வது பிழையாகும். 1868-ம் வருஷத்தில் அரசியார் தம் மலைநாட்டு வாழ்க்கைக் குறிப்புகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் ராஜதந்திரமில்லை. குதிரைமீது மலையேறியதும், திறந்த வெளியிற் தேநீர் அருந்தியதும், குழந்தைகள் விளையாடியதுமே நிறைந்திருந்தன. அப்புத்தகத்தை ஜனங்கள் விரும்பி வாங்கிப் படித்தனர். அரசியார் தம்மைப்போன்ற குடும்ப ஸ்திரீயே என்று மகிழ்ந்தனர். ஓய்வைக் கண்டு அவர்கள் பொறாமை கொள்ளவில்லை. கடமை அழைக்கும் வேளையில் ஓய்வு குறுக்கே நின்றபோதுதான் கோபங் கொண்டனர்.

அத்தகைய வேளைகளும் வந்தன. 1866-ம் வருஷம் ஜூன் மாதத்தில் மந்திரிசபை பார்லிமெண்டிற் தோல்வியுற்று ராஜிநாமாச் செய்தது. ஐரோப்பாவிலோ பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் யுத்தம் மூண்டிருந்தது. அரசியார் பால்மோரலில் இருந்தார். உடனே திரும்ப இசையவில்லை. தலைநகரினின்றும் அத்தனை தொலைவிலிருந்து அரசு நடத்துவது உழைப்பை இரட்டிப்பாக்குகிறது என்று, பின்னர் முதல் மந்திரியான டிஸ்ரேலி அங்கே தங்கியபோது குறைப்பட்டுக் கொண்டார். பார்லிமெண்டைத் திறக்க அரசியார் வந்த 1866, 1871-ம் வருஷங்களில் அவர் பிள்ளைகளுக்கு மானியமும் கலியாணச் சீதனமும் கேட்க வேண்டியிருந்ததைக் குடிகள் கவனியாமலில்லை. பணம் வேண்டும்போது வழி தெரிகிறது என்று பரிகசித்தனர்.

1871-ம் வருஷத்தில் இவ்வதிருப்தி உச்சத்தை எட்டிற்று. பிரான்ஸ் தேசத்தில் முந்திய ஆண்டிற் குடியரசு ஏற்பட்டிருந்தது. அதைக்கண்டு இங்கிலாந்திலும் குடியரசுச் சங்கங்கள் தோன்றின. அரசியார் மானியத்தைக்கொண்டு என்ன செய்கிறார் என்று வினவும் துண்டுப்பிரசுரமொன்று புனைபெயரோடு பரவிற்று. நவம்பர் மாதத்தில் சர் சார்லஸ் டில்க் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர் நியூகாஸில் நகரத்தில் மானியச் செலவைக் கண்டித்துக் குடியரசே வேண்டும் என்னும் கருத்துப்படப் பேசினார்.

அதே ஆண்டில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை நம்மவர் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். ஆகஸ்டு மாதத்தில் அரசியார் பால்மோரலுக்குப் புறப்பட விரும்பினார். பார்லிமெண்டின் கூட்டம் முடியுமட்டும் சில நாள் தாமதிக்குமாறு மந்திரிகள் வேண்டினர். தம் உடல்நிலை இடந்தராதென்று மறுத்து அரசியார் புறப்பட்டுவிட்டார். அவர் அசௌகரியம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது முன்பே பலமுறை நடந்திருந்தமையால், இம்முறையும் அது சாக்கே என்று மந்திரிகளும் பத்திரிகைகளும் கருதினர். அவர் உண்மையாகவே கடும் நோய்வாய்ப்பட்டிருந்தார். தொண்டை நோவோடு கைக்குழியில் பெருங்கட்டி ஒன்றும் உண்டாகி, செப்டம்பர் மாதத்தில் பேர்பெற்ற ரணவைத்தியராகிய லிஸ்டர் பால்மோரலுக்கு வந்து அதைக் கீறிக் குணப்படுத்தினார். நோயின் உண்மை வெளியானபின் தூற்றியவர் பலரும் வாயடங்கினர். மக்கள் அபிப்பிராயம் பெரும்பாலும் ஏதேனும் ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டே எழுகிறது. ஆனால் அது முழு உண்மையை விசாரிக்கும் பொறுமையுடையதன்று.

அவ்வாண்டின் இறுதியிலே பட்டத்து இளவரசர் எட்வர்ட் விஷஜுரத்தால் மரணத்தின் வாயிலை எட்டினார். தந்தை இறந்த அதே டிசம்பர் 14-ந் தேதி நோய் திரும்பிற்று. தாயின் தவிப்பைக் கேட்ட ஜனங்களின் மனம் இளகியது. 1872-ம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி இளவரசரோடு அரசியார் செயின்ட் பால் ஆலயத்துக்கு நன்றி வழிபாட்டிற்காகத் திறந்த வண்டியில் வந்தபோது, வீதியெங்கும் ஜனசமுத்திரம் ஆரவாரித்தது. அடுத்த மாதம் டில்க் மானியக் கணக்கை விசாரிக்க வேண்டுமென்று கொணர்ந்த தீர்மானத்துக்கு 2 வாக்குகளே ஆதரவாக விழுந்தன. எதிராக விழுந்தவை 276. சில மாதங்களுக்கு முன் முடியே வேண்டாமென்று பேசிய தேசம், அரசியாரின் முகத்தைக் கண்டதும் மனம் மாறிற்று.

பிற்காலத்தில் அரசியாரின் முதுமையே அவருக்குப் பெருமையாயிற்று. 1887-ல் ஐம்பதாம் ஆண்டு நிறைவையும் 1897-ல் அறுபதாம் ஆண்டு நிறைவையும் ஜனங்கள் கொண்டாடினர். அறுபதாம் ஆண்டு விழாவில், கால் நோவால் அவரால் ஆலயப் படிகளில் ஏற இயலவில்லை. அவர் வண்டியில் அமர்ந்திருக்க, படிகளின் மீதே வழிபாடு நடந்தது. அதை எவரும் குறையாகக் கூறவில்லை. எழுபது வயதை அணுகும்போது, 1887-ல் ஆக்ராவிலிருந்து வந்த அப்துல் கரீம் என்பவரிடம் இந்துஸ்தானி எழுதப் படிக்கக் கற்றார். ஓய்வு வேளையை இவ்விதம் கல்விக்கு ஆக்கியது போற்றத்தக்கது. 1900-ம் வருஷத்தில் எண்பது வயதில் அயர்லாந்துக்குப் பிரயாணஞ் செய்தார். 1901-ம் வருஷம் ஜனவரி 22-ந் தேதி ஆஸ்பர்னில் காலமானார். நம் நாட்டை அவர் ஒருபோதும் கண்டதில்லை. நம் முன்னோர் அவர் முகத்தை அறிந்தது வெள்ளி ரூபாயிலேதான்.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் அதே பால்மோரலை முன்னிட்டு அதே குறை மீண்டும் எழுந்தது. 1997-ம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி இளவரசி டயானா பாரிஸ் நகரத்தில் விபத்தில் மாண்டார். எழுபத்தொரு வயதான எலிசபெத் அரசியார் அப்போது விடுமுறையில் பால்மோரலில் இருந்தார். தாயிழந்த பேரப்பிள்ளைகளைத் தேற்றுவதே தம் கடமையென்று அங்கேயே தங்கினார். பாட்டியாரின் தர்மம் அது என்று நாம் ஒப்புவோம். லண்டனிலோ ஜனங்கள் மலர் குவித்து அழுதுகொண்டிருக்க, அரண்மனையில் அரைக்கம்பத்திற் கொடியும் இல்லை, அரசியாரும் இல்லை. பத்திரிகைகள் வெளிப்படையாகக் கேட்டன. செப்டம்பர் 5-ந் தேதி அரசியார் தலைநகர் வந்து மலர்க்குவியலைப் பார்வையிட்டு, அன்று மாலையே தொலைக்காட்சியில் ஜனங்களோடு பேசினார். மனத்தாங்கல் தணிந்தது. விக்டோரியா அரசியாருக்குப் பத்தாண்டு எடுத்ததை இவர் ஒரு வாரத்துக்குள் உணர்ந்து கொண்டார்.

அதன் பின்னர் முதுமை மிகுந்த காலத்தில் அவர் கையாண்ட முறை கருதற்பாலது. நெடுந்தூர வெளிநாட்டுப் பிரயாணங்களை மகனுக்கு விட்டார். தொண்ணூறு வயது நிரம்பிய 2016-ம் வருஷத்தில் இருபத்தைந்து ஸ்தாபனங்களின் புரவலர் பதவியைக் குடும்பத்தார்க்குப் பகிர்ந்தளித்தார். 2017 முதல் யுத்த நினைவுச் சின்னத்தில் அவர் சார்பாக மலர்வளையம் வைத்தவர் மகன் சார்லஸ். 2022-ம் வருஷம் மே மாதம் பார்லிமெண்டுத் திறப்புரையையும் அம்மகனே வாசித்தார். பகிர்ந்தவையெல்லாம் பகிரங்கமாகவே பகிரப்பட்டன. ஆகையால் எவரும் அரசியார் எங்கே என்று கேட்கவில்லை. தாமே செய்யவேண்டியதை மாத்திரம் கைவிடவில்லை. 2022 செப்டம்பர் 6-ந் தேதி, தலைநகருக்குச் செல்ல இயலாத நிலையில், பால்மோரலிலேயே தடியூன்றி நின்று லிஸ் டிரஸ் அம்மையாரை முதல் மந்திரியாக நியமித்தார். இரண்டு நாள் கழித்துத் தொண்ணூற்றாறாம் வயதில் அங்கேயே காலமானார். ஒரு காலத்தில் கடமையைத் தட்டிக்கழிக்கும் இடமென்று தூற்றப்பட்ட மாளிகை, கடமை முடிந்த இடமாயிற்று.

இதனால் நாம் அறிவது யாது? மக்கள் முதியோரின் ஓய்வைப் பொறாதவர்கள் அல்லர். கணக்கு அறியாதிருப்பதையே அவர்கள் பொறுப்பதில்லை. தலைமை ஏற்றவர் உழைப்பது மட்டும் போதாது. உழைப்பது தெரியவும் வேண்டும். காட்சிக்கு எளிமையை நம் முன்னோர் அரசர் குணங்களில் ஒன்றாக வைத்தது இதுபற்றியே. துக்கநாளும் விழாநாளும் வரும்போது தலைவர் முகம் சபையில் இருத்தல் வேண்டும். இயலாதபோது இயலாமையை மறைக்காமற் சொல்லி, இளையவர் கையில் வேலையை வெளிப்படையாக ஒப்புவித்தல் வேண்டும்.

சங்கங்களையும் தர்ம ஸ்தாபனங்களையும் குடும்பங்களையும் நடத்தும் பெரியோர்க்கும் இது பொருந்தும். பதவியை விடாமலும் கூட்டத்துக்கு வராமலும் இருப்பது, பல்லாண்டு செய்த தொண்டையும் மறக்கச் செய்துவிடும். இளைஞர்க்கும் ஒரு வார்த்தை சொல்வோம். வராத பெரியவரை இகழுமுன், அவர் வீட்டுக்கு ஒருமுறை சென்று பார்த்து வாருங்கள். 1871-ம் வருஷத்தில் இங்கிலாந்து ஜனங்கள் சாக்கென்று நகைத்தது மெய்யான நோயாயிருந்தது. பெரியோர் தம்மை மறைத்துக் கொள்ளாமலும், இளையோர் விசாரியாமற் பழிக்காமலும் இருப்பின், நம் சங்கத்தில் முதுமைக்கு ஓய்வும் கிட்டும். ஓய்வுக்கு மதிப்பும் கிட்டும்.