கத்தரித்த பக்கங்கள்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்தபோது, அதைக் கத்தரித்து பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனையோ! ஊசி, நூல், அட்டை, மைதாப் பசை. பூச்சி அண்டாமலிருக்கப் பசையில் சிட்டிகை மயில்துத்தம். முதுகில் ஒட்டும் காலிகோத் துணிக்குப் பெயர் கொடுத்தது நம் கோழிக்கோடு. மணியத்தின் படங்களை மட்டும் வெட்டி நோட்டில் ஒட்டினால் அது 'ஸ்கிராப் புக்'. ஸ்கிராப் என்றால் கழிவுத் துண்டு என்றுதான் அர்த்தம்.

அந்தத் தொகுப்புகளை இன்று திறந்தால் ஓரங்கள் அப்பளமாக நொறுங்குகின்றன. பசையைக் குறை சொல்லாதீர்கள், குற்றம் காகிதத்தில். மலிவான மரக்கூழ்த் தாளிலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறும். அமிலம் இழைகளை முறித்துவிடும். பருத்திக் காகிதத்துக்கு இந்த நோய் அவ்வளவாக இல்லை.

பருத்திக்கு எங்கே போவது? திருப்பூரில் பனியன் வெட்டும் மேஜையடியில் குவிந்து கிடக்கிறது! அங்கே அதற்குக் 'கட்டிங் வேஸ்ட்' என்று பெயர். செயற்கை இழை கலந்ததை ஒதுக்கி, நிறம் பிரித்து, நறுக்கி, தண்ணீரில் கூழாக அடித்துச் சல்லடையில் தாளாக வார்க்கிறார்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959-இல் தொடங்கிய கைக்காகிதப் பட்டறையும் பருத்திக் கந்தலை நம்பி எழுந்ததுதான்.

புதிதாக ஒட்டத் தொடங்குகிறவர்கள் இந்தத் தாளைக் கேட்டு வாங்கலாம். விலை சற்று அதிகம். ஒட்டிய பக்கம் பழுப்பேறுவதை அது தடுக்காது, உதிராமல் தாங்கிக்கொள்ளும். பசைக்கு மைதாவே போதும். துத்தம் விஷம், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.