இணையவழிக் கல்வி வடிவமைப்பு மாதிரிகளும் தோட்டப்புறத் தமிழ் மாணவரும்: ஒரு வரலாற்று நோக்கு

இணையவழிக் கல்வியின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவே எழுதி வருகின்றோம். எத்தகைய மாணவரை மனத்திற்கொண்டு அக்கல்வி வடிவமைக்கப்பெற்றது என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது.

மைக்கேல் மூர் 1970களிலிருந்து வளர்த்தெடுத்த ஊடாட்டத் தொலைவுக் கோட்பாடு இவ்வினாவுக்கு இடமளிக்கின்றது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான தொலைவு மைல் கணக்கினாலானதன்று. உரையாடல் குறைந்து பாடக் கட்டமைப்பு இறுகும்போது அது பெருகுகின்றது. பெருகுந்தோறும் மாணவர் தாமே கற்கும் திறம் மிகுதியாகத் தேவைப்படும். காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகியோர் 2000இல் முன்வைத்த ஆய்வுச் சமூக மாதிரியும் உயர்கல்வியின் கணினிவழிக் கலந்துரையாடலிலிருந்து பிறந்ததே. வயதுவந்தோரிடம் கண்டவற்றைத் தொடக்கப்பள்ளிக்கு அப்படியே பொருத்துவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

2001 பிப்ரவரி 17இல் சென்னையில் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தக்க சான்றாகும். பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர்பெற்ற இந்நிறுவனத்தின் உருவாக்கத்தை வழிநடத்தியவர், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக முன்னர் விளங்கிய வா.செ. குழந்தைசாமி. முன்கூட்டியே எழுதப்பெற்ற இதன் பாடங்கள் கட்டமைப்பு மிக்கவை. பணி முடித்து இரவில் தாமே கற்கும் அயலகத் தமிழருக்கு அவை பொருந்தும். எட்டு வயதுச் சிறுவனுக்கோ அருகில் ஒருவர் அமர்ந்தாக வேண்டும்.

மலேசியாவில் பெஸ்தாரிநெட் திட்டத்தின்வழி பள்ளிகளுக்கு வந்த ஃபுரோக் மெய்நிகர் கற்றல் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவென 2013ஆம் ஆண்டின் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டியது. 2019இல் அதன் இடத்திற்குக் கூகுள் வகுப்பறை வந்தது. அன்றைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக், அப்போது ஜொகூரின் சிம்பாங் ரெங்கம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். செம்பனையும் அன்னாசியும் சூழ்ந்த தொகுதி அது. தளம் மாறியது, தோட்டத்து மாணவரின் வீட்டுநிலை வடிவமைப்பின் முதற்படியாகக் கொள்ளப்படவில்லை என்பதே எமது துணிபு.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கல்வியமைச்சு பெற்றோரிடையே அவ்வாண்டு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எவ்வகை மின்னியல் கருவியும் இல்லையெனத் தெரிந்தது. தந்தை வேலைக்கு எடுத்துச் செல்லும் ஒரே கைப்பேசிக்கு எந்த மாதிரி இடம் வகுத்தது? அச்சிட்ட பயிற்சித்தாளைக் கொடுத்து, மாலையில் தொலைபேசியில் பிள்ளையிடம் விளக்கம் கேட்கும் முறை மிக எளியது. மூரின் அளவுகோலின்படி அதன் தொலைவு, பதிவேற்றிய காணொலிப் பாடத்தினும் குறைவு. 2021இல் வெளிவந்த இல்லிருப்புக் கற்றல் கையேடு இணையமில்லா வழியையும் ஏற்றுக்கொண்டது.